மண் மூடிய கங்கு

ஒரு நெருப்பு அணைந்துவிட்டது என்று எந்த நிமிடத்தில் நம்பலாம்?

வேதியியலில் முதுகலை படித்தவள் நான். எரிபொருள், காற்று, வெப்பம், இவற்றில் ஒன்று இல்லாமல் போனால் நெருப்பு இல்லை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. சுடர் மறைந்தால் அணைந்ததா? புகை நின்றால் அணைந்ததா? கை வைத்தால் சுடாமல் இருக்கவேண்டும் என்றால், யாருடைய கை?

சென்ற வாரம் இந்தத் தொடரில், என் மகள் மகிழுக்கு அம்மை போட்டிருந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். "இவ்வளவு பயந்தால் எப்படிப் பிள்ளை வளர்ப்பீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரத்தைப் படித்தால் அவர் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதுவார் என்று நினைக்கிறேன்.

போன வருடம் நாங்கள் நெருப்பு மூட்டிய அந்த மாலை எனக்கு வாசனையாகத்தான் நினைவில் தங்கியிருக்கிறது. பச்சை மல்லாட்டை கங்கில் விழுந்து, தோல் கருகி, உள்ளே பால் கொதித்து வரும் வாசனை. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்கிறோம்.

சூரியன் பாறைக்குன்றின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு மயில் கத்திவிட்டு, தானே பயந்துபோனது போல நிறுத்திக்கொண்டது. மகிழ், நான் கோலமாவால் தரையில் போட்ட கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். ஆமாம், கோடு போட்டிருந்தேன். நெருப்புக்கும் அவளுக்கும் நடுவில். அவள் முகம் ஒரு நொடி செம்மஞ்சளாகவும் மறு நொடி சாம்பல் நிறமாகவும் மாறிக்கொண்டிருந்தது.

"ம்மா, நெருப்பு பேசுது."

"இன்னா சொல்லுது?" என்று என் அண்ணி, கணவரின் அக்கா, கேட்டார்.

"மெதுவா பேசுது அத்த. சரியா கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. நாங்களும் காது கொடுத்தோம். உண்மையில் அது ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ஆசை வந்த வழி

மகிழின் வகுப்பில் ஒரு பெண் விடுமுறைக்கு ஏற்காடு போய்வந்தாள். அங்கே தங்கிய இடத்தில் 'கேம்ப் ஃபயர்' போட்டார்களாம். சுற்றி உட்கார்ந்து பாடினார்களாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் நெருப்புப் படங்கள் செம்மஞ்சள் நிற முக்கோணங்களாக முளைக்க ஆரம்பித்தன. ஃபிரிட்ஜின் கதவிலும் ஒன்று.

"எப்ப போலாம் கேம்ப் ஃபயரு?" காலையில் பல் துலக்கும்போது ஒரு தடவை. இரவு தூங்கும்போது ஒரு தடவை.

என் கணவர் குமார்தான் வழி சொன்னார். "இதுக்கு எதுக்கு ஏற்காடு? நம்ம கொல்லைல போட்டா போச்சு."

எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம் அல்ல, புன்செய் நிலம். அவர்கள் குடும்பத்து நிலம் திண்டிவனத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், பாறைக்குன்று ஒன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. குன்றைத் தாண்டினால் வனத்துறையின் காப்புக்காடு. அதற்குள் நெருப்பு மூட்ட யாருக்கும் அனுமதி கிடையாது. காட்டின் ஓரத்தில், சொந்த நிலத்தில், சின்னதாக ஒன்று என்று முடிவு செய்தோம்.

அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்வது குமாரின் அக்கா வளர்மதி. எனக்கு அண்ணி. நிலத்தின் ஓரத்திலேயே வீடு. இரண்டு மாடுகள். அதற்கு முந்தைய வருடம்தான் அவருடைய கணவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகன் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறான். மல்லாட்டை பிடுங்கி முடிந்த சமயம் அது. நாங்கள் வருகிறோம் என்று போன் செய்ததும் அண்ணியின் குரலில் ஒரு அவசரம் தெரிந்தது.

"வாங்க வாங்க. கேப்பை மாவு அரைச்சி வெக்கிறேன். நெருப்பு போட்றதுக்கு ஒரு நாளு பாத்துக்கினா வருவீங்க? நாளைக்கே வாங்க."

எனக்குத் தெரிந்த நெருப்புகள்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நான் விழுப்புரம் ஊருக்குள் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த நெருப்பு கேஸ் அடுப்பின் நீல வட்டம், சாமி மாடத்து விளக்கு, அப்புறம் வருடத்துக்கு ஒரு நாள் போகி.

போகியன்று விடியலில் தெருவே புகையாக இருக்கும். பனியும் புகையும் கலந்து, எதிர்வீடு இல்லாமல் போய்விடும். அந்த வெண்மைக்குள்ளிருந்து சின்ன மேளங்களின் சத்தம் மட்டும் வரும். அடிப்பவர் யார் என்று தெரியாது. ரயில் நிலையத்தின் அறிவிப்புக் குரல் அதற்கு மேல் மிதந்து வந்து, ஏதோ ஒரு வண்டி தாமதம் என்று சொல்லிவிட்டுப் போகும். நான் போர்வையோடு வாசலில் நிற்பேன். என் அம்மா வாளியில் தண்ணீரோடு எனக்குப் பின்னால் நிற்பார்.

விளக்கை எங்கள் வீட்டில் ஊதி அணைக்க விடமாட்டார்கள். ஒரு பூவின் காம்பால் திரியைப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் முக்குவார்கள். விளக்கைக் குளிர வைப்பது என்று அதற்குப் பெயர். அணைப்பது என்ற வார்த்தையை வீட்டில் சொல்லவே கூடாது. சிறு வயதில் நெருப்பு என்பது கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு விருந்தாளி என்று நினைத்திருந்தேன்.

மேல்மலையனூருக்கு ஒரு அமாவாசையன்று போயிருந்தோம். அப்போது நான் ஆறாவது படித்திருக்கலாம். கோயிலைச் சுற்றி வெட்டவெளியெல்லாம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கல் கூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டில் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன அடுப்புகள். வானம் கீழே இறங்கி உட்கார்ந்தது போல இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸுக்கு நடந்தபோது அதே இடத்தில் கறுப்பு வட்டங்கள் மட்டும் கிடந்தன. ஒன்றின் மேல் கால் வைக்கப் போனவளை அம்மா தோளைப் பிடித்து இழுத்த வேகம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த வட்டம் சுட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அம்மா கால் வைக்க விடவில்லை, அவ்வளவுதான்.

விரல் கனம், மணிக்கட்டுக் கனம்

கொல்லைக்குப் போவதற்கு முந்தைய இரவு போனில் படிக்கவேண்டியதையெல்லாம் படித்தேன். ஒரு சிவப்பு வாளி, ஒரு மண்வெட்டி, பருத்தித் துணி, தீக்காயத்துக்கு மருந்து, கோலமாவு. எல்லாவற்றையும் பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு போனோம். கொல்லையில் இறக்கி வைத்ததைப் பார்த்து அண்ணி சொன்னார்.

"ஏம்மா சுதா, ஃபயர் சர்வீஸ்ல வேல கெடச்சிட்சா? சொல்லவேயில்ல?"

"பெட்ரோல் பங்க்ல இருந்து நேரா வர்றா அக்கா," என்றார் குமார். "வாளிய அவங்ககிட்ட திருப்பிக் குடுக்கணும்."

நான் கண்டுகொள்ளவில்லை. இடம் தேர்ந்தெடுப்பதில் எனக்கும் அண்ணிக்கும் இழுபறி. அவர் பனைமரத்தடியைக் காட்டினார், காற்று மறைவு என்று. மரத்தடி வேண்டாம், காய்ந்த வேர் உள்ளே ஓடியிருக்கும், மேலே ஓலை தொங்குகிறது என்று நான் சொன்னேன். கடைசியில் மல்லாட்டை பிடுங்கிய வெற்று நிலத்தின் நடுவில் ஒரு இடம் ஒத்துக்கொள்ளப்பட்டது.

அங்கிருந்து பார்த்தால் மேற்கே மல்லாட்டைக் கொடிப் போர். மாடுகளுக்கு மழை வரும் வரை அதுதான் தீனி. போருக்குப் பின்னால் குன்று. குன்று முழுக்க முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். சாயங்காலமானால் மரக்காணம் பக்கமிருந்து கடற்காற்று கிளம்பி நேராக அந்தத் திசையில்தான் போகும். அந்தப் போரையும் அந்தப் புல்லையும்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு பொறி பறந்தால் போதும்.

சருகும் புல்லும் ஒன்றுவிடாமல் சுரண்டி, செம்மண் தெரியும்வரை ஒரு பெரிய வட்டம் வெட்டினோம். நடுவில் ஆழமில்லாத குழி. சுற்றிலும் காய்ந்த கல். கிணற்று மேட்டிலிருந்து ஈரக்கல்லை உருட்டிக்கொண்டு வந்த குமாரைத் திருப்பி அனுப்பினேன். உள்ளே நீர் கோத்த கல் சூட்டில் வெடிக்கும்.

விறகு பொறுக்கும் வேலை மகிழுக்கு. அவளுக்கு அளவு சொல்லிக்கொடுத்தேன். முதலில் விளக்குமாற்று ஈர்க்குச்சி கனம். பிறகு அவள் சுண்டுவிரல் கனம். பிறகு என் கட்டைவிரல் கனம். கடைசியாக அப்பாவின் மணிக்கட்டுக் கனம். ஒவ்வொரு குச்சியையும் கொண்டுவந்து எங்கள் கைகளில் வைத்து அளந்து பார்த்தாள். குமார் மணிக்கட்டை நீட்டியபடியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலக் குச்சிகள். முள்ளை அண்ணி முன்கூட்டியே கழித்து வைத்திருந்தார். நெருப்புப் பற்ற வைக்க மகிழ் ஒரு பிடி மல்லாட்டைக் கொடியை உருவிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அடி வாங்குவ," என்றார் அண்ணி. "அது மாட்டு சோறு. ஒன் தட்டுல இருக்கறத எடுத்து மாடு நெருப்புல போட்டா நீ சும்மா இருப்பியா?"

மகிழ் கொடியைத் திருப்பிக் கொண்டுபோய், போரில் எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு வந்தாள். மல்லாட்டைத் தோலை ஒரு குவியலாக வைத்து, மேலே ஈர்க்குச்சியைக் கூம்பாக நிறுத்தி, தீக்குச்சியைக் கிழித்தேன். தோல் ஒரு பெருமூச்சு விட்டுப் பற்றியது.

அதன் பிறகு எங்களுக்கு நேரம் தெரியவில்லை. அண்ணி இரும்புத் தட்டில் முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை தட்டினார். கங்கை ஒதுக்கி அதில் மல்லாட்டையைப் புதைத்து எடுத்தோம். விரல் நுனியெல்லாம் கரி. மகிழின் மூக்கிலும் கரி. கடற்காற்று வந்தது, ஆனால் மெலிதாக, யாரோ தூக்கத்தில் விடும் மூச்சு போல. பொறிகள் கொஞ்ச தூரம் ஏறி, மனம் மாறி, மறைந்தன. நான் ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி வேணாம்"

இருட்டுவதற்குள் கிளம்பவேண்டும் என்பது என் திட்டம். விறகு போடுவதை முன்பே நிறுத்திவிட்டேன். சுடர் தணிந்து கங்காக இறங்கியது. படித்தபடி இனி தண்ணீர் ஊற்றவேண்டும், கிளறவேண்டும், மறுபடி ஊற்றவேண்டும், சாம்பல் கூழானபின் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். வாளியைத் தூக்கினேன்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி வேணாம் சுதா. மண்ணப் போட்டு மூடு."

"இல்ல அண்ணி, மண்ணு போட்டா உள்ள சூடு அப்படியே..."

"சோறு போட்ட நெருப்பும்மா. தண்ணி ஊத்தக் கூடாது." பிடியைத் தளர்த்தாமல், என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார். "காடாத்துக்குத்தான் அப்படி ஊத்துவாங்க."

காடாற்று என்பது சுடுகாட்டில் எரியூட்டிய மறுநாள் நடப்பது. ஆண்கள் மட்டும் போய், சாம்பல் மேல் தண்ணீரும் பாலும் ஊற்றிக் குளிர வைத்து, எலும்பு பொறுக்கிவிட்டு வருவார்கள். பெண்கள் வீட்டில் இருப்பார்கள். வெட்டவெளியில், தரையில் கிடக்கும் நெருப்பின் மேல் குடத்துத் தண்ணீரைக் கவிழ்ப்பது இந்தக் குடும்பத்தில் அந்த ஒரு வேளைக்கு மட்டும்தான். அடுப்பென்றால் விறகைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத் தானாக ஆற விடுவார்கள். வயலில் என்றால் மண்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். என் கையில் இருந்த வேதியியல் முழுவதும் சேர்ந்தாலும் அந்தப் பிடியை விடுவிக்கத் தெம்பில்லை.

குமார் மண்வெட்டியை எடுத்தார். செம்மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு மேடாக்கினார். மகிழ் குட்டிக் கையால் தட்டிக்கொடுத்தாள். மேடு அழகாக இருந்தது. புகை இல்லை, வெளிச்சம் இல்லை. புறங்கையை மேலே காட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"அணஞ்சிட்சி, கெளம்பு," என்றார் குமார்.

"பாத்து ஜல்தியா போங்க, லாரி வர்ற ரோடு," என்றார் அண்ணி. சிவப்பு வாளியை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன், தண்ணீரோடு.

சாலையோரப் புகை

திண்டிவனத்துக்கு வரும் வழியில் ஓரிடத்தில் கரி மூட்டம் போட்டிருந்தார்கள். வேலிக்காத்தான் விறகை அடுக்கி, மேலே மண்ணைப் பூசி மூடி, உள்ளே மெதுவாக வேக விடுவார்கள். நாள்கணக்கில் வேகும். இந்தச் சாலையில் எத்தனையோ முறை பார்த்ததுதான். மண்மேடு சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதன் உச்சியில் நூல் போல ஒரு புகை, கடைசி வெளிச்சத்தில் நீலமாக எழும்பிக்கொண்டிருந்தது.

பைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த மகிழ் திரும்பி என்னைப் பார்த்தாள். "ம்மா, நாம செஞ்ச மேடு மாதிரியே இருக்கு."

அதே விறகு. அதே மண். நாங்கள் நெருப்பை அணைத்துவிட்டு வரவில்லை, ஒரு சின்ன மூட்டம் போட்டுவிட்டு வந்திருக்கிறோம். விடியும்வரை அது உயிரோடு இருக்கும். மாடோ நாயோ மண்ணைக் கலைத்தால், காற்று வலுத்தால், எதிரே கொடிப் போர். போரை ஒட்டி மாடுகள். பக்கத்தில் அண்ணி, தனியாக.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினார் குமார். நான் அண்ணிக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை.

"என்னங்க, திரும்பிப் போலாம்."

அவர் டீ கிளாஸோடு என்னைப் பார்த்தார். "இன்னா சுதா, மறுபடியுமா? செஞ்சிக்குப் போறப்ப கேஸ மூடினனா இல்லையான்னு பாதி வழில திரும்பினது மறந்துட்சா? மூடித்தான் இருந்துச்சி."

"இங்க மூடினதுதாங்க பிரச்சினையே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. என்னுடைய பயங்களில் பாதி வெறும் பயம் என்று எனக்கே தெரியும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. கேஸ் அடுப்பு, வாசல் பூட்டு, மகிழின் மூச்சு, இப்போது இது. ஒருவேளை மேடு ஆறிக்கிடக்கும். ஒருவேளை போய் நின்றால் அண்ணியும் அவரும் சேர்ந்து ஆயுசுக்கும் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

"அக்கா அங்கதான இருக்கு. அது பாத்துக்கும்."

"அவங்க போன எடுக்கலயே."

குமார் கிளாஸை வைத்தார். "பேஜாரு பண்ற நீ," என்றபடியே வண்டியைத் திருப்பினார். டீ பாதி மிச்சம் இருந்தது.

ஆறிவிட்டதா?

திரும்பிப் போகும்போது முழுதாக இருட்டிவிட்டது. குன்றுக்கு எதிர்ப்பக்கம் நிலா வந்திருந்தது. வழியெல்லாம் நான் ஒரு சிவப்பைத் தேடிக்கொண்டே வந்தேன். டிராக்டரின் பின்விளக்கு ஒன்றைப் பார்த்துக் குமாரின் தோளைப் பிடித்து இழுத்தேன். குன்று கறுப்பாகவே இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று யோசித்தேன்.

வரப்பில் வண்டியை நிறுத்தினோம். மகிழ் அப்பாவின் தோளில். வெற்று நிலத்தின் நடுவில் ஒரு டார்ச் தரையில் கிடந்து வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அண்ணி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

மேடு இல்லை. மண்ணையெல்லாம் அவர் விலக்கியிருந்தார். குழி நிறையக் கங்கு. நாங்கள் விட்டுவிட்டு வந்ததைவிடச் சிவப்பாக, நிதானமாக, மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி மடியருகில் குடத்தை வைத்து, கை நிறையத் தண்ணீர் அள்ளி, ஓர் ஓரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். உஸ்ஸென்று வெள்ளையாக ஆவி எழுந்தது. நிலவில் அது அவர் தலைக்கு மேல் வரை போய்க் கலைந்தது.

எங்கள் காலடிச் சத்தத்துக்கு அவர் திடுக்கிடவில்லை.

"வந்துட்டியா? போய் ஒன் வாளிய எடுத்துக்கினு வா. கொடம் பத்தாது."

வாளியை எடுக்க ஓடினேன். கொண்டுவந்து வைத்ததும் அவர் அதைத் தொடவில்லை.

"மாட்டப் புடிச்சிக் கட்டலாம்னு இப்படி வந்தேன். காலு சுட்டுச்சி." வெறுங்காலில் நடப்பவர் அவர். "மண்ணத் தொட்டா சுடுது. கொஞ்சமா தள்ளிப் பாத்தேன். உள்ள அப்டியே வெந்துக்கினு கெடக்குது. மேல மண்ணப் போட்டுட்டு நாம பாட்டுக்குப் போயிட்டோம். பாவமா இருந்துச்சி சுதா."

நெருப்பைப் பார்த்து ஒருவர் பாவம் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"அக்கா, எழுந்திரு, நான் ஊத்துறேன்," என்றார் குமார்.

"நீ ஊத்தினதுதான் தம்பி. அன்னிக்கு அவரு காடாத்துக்கும் நீங்கள்லாம்தான் போனீங்க." அண்ணி இன்னொரு கை அள்ளினார். "எம் புள்ள ஊத்துனான், நீ ஊத்துன, பங்காளிங்க ஊத்துனாங்க. நான் வூட்ல ஒக்காந்திருந்தேன். சாயந்தரமா வந்து எல்லாரும் ஆறிட்சி, ஆறிட்சின்னு சொன்னீங்க. எனக்கு எப்டித் தெரியும்? நான் பாத்தனா?"

ஆவி எழுந்து எங்கள் நடுவில் நின்றது. குமார் தோளிலிருந்து மகிழை இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஊற்றவில்லை. டார்ச்சை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

குடம் தீர்ந்தது. வாளியையும் அண்ணியே எடுத்தார். ஒரு மணிக்கட்டுக் கனக் குச்சியைக் கொடுத்தேன். கிளறினார். அடியிலிருந்து சிவப்புத் துண்டுகள் மேலே வந்தன. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி நனைத்தார். அவசரமே இல்லை. நான் இன்னொரு முறை கிணற்றுத் தொட்டிக்குப் போய்வந்தேன். சீறல் மெதுவாகி, முணுமுணுப்பாகி, நின்றது. கறுப்புக் கூழ் மட்டும் மின்னியது.

அண்ணி உள்ளங்கையை முழுதாக அதில் வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

நானும் பக்கத்தில் புறங்கையை வைத்தேன். ஈரம். குளிர்ச்சி. இன்னும் ஆழமாக விரலை விட்டேன். அங்கும் குளிர்ச்சி.

"நானும் தொடட்டா?" என்றாள் மகிழ்.

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. அண்ணி கரி படிந்த கையை நீட்டினார். மகிழின் கை அந்தக் கைக்குள் போனது. இரண்டும் சேர்ந்து கூழுக்குள் இறங்கின.

"ஜில்லுனு இருக்கு அத்த."

"ம்ம். ஜில்லுனுதான் இருக்கு," என்றார் அண்ணி.

இன்னும் ஒரே ஒரு வாளி ஊற்றலாமா என்று கேட்டேன். அப்போதுதான் அண்ணி சிரித்தார். "ஊத்து ஊத்து. ஒனக்கு மனசு ஆறுற வரைக்கும் ஊத்து. கெணறு பத்தலன்னா பக்கத்துக் கெணறு இருக்கு."

வீட்டுக்குப் போகும் வழியில் மகிழ் கேட்டாள். "அத்த அழுதாங்களா, இல்ல பொகையா?"

"பொகைடா," என்றேன்.

இந்த வருடம்

இது நடந்து முழுதாக ஒரு மல்லாட்டை மகசூல் கடந்துவிட்டது. மகிழ் இப்போது ஒன்றாம் வகுப்பு. சில நாட்களுக்கு முன் அண்ணி போன் செய்தார். பிடுங்கி முடிந்ததாம். எப்போது வருகிறோம் என்று கேட்டார். இந்த முறை தண்ணீரைத் தயாராக எடுத்து வைப்பதாகவும் அவரே சொன்னார்.

"அப்பறம் சுதா, இந்த வாட்டி மகிழு ஊத்தட்டும். நான் கூட ஒக்காந்துக்கறேன். அதுக்கும் ஒருநா தெரிஞ்சிருக்கணும் இல்ல?"

எதைத் தெரிந்திருக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சரி அண்ணி என்றேன்.

குமாரின் பங்காளி வீட்டில் இது தெரிந்து, பெண்குழந்தை கையால் அப்படி ஊற்ற வைக்கக்கூடாது, ஆகாது என்றார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியும். எரிகிற இடத்தில் தண்ணீர் ஊற்றத் தெரிந்த பெண்ணாக என் மகள் வளரட்டும். அதில் எனக்குக் குழப்பமே இல்லை. நான் குழப்பமில்லாமல் எழுதும் வாக்கியங்கள் குறைவு என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

குழப்பம் வேறு இடத்தில். மகிழ் கேள்வி கேட்காமல் ஒரு குச்சியைக்கூட எடுக்கமாட்டாள். ஏன் நான் ஊற்றணும், ஏன் அப்பா ஊற்றக்கூடாது, அத்தை ஏன் கையை வைத்தபடியே இருக்கிறார் என்று கேட்பாள். அத்தை வீட்டு மாமா வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னதை அவள் எப்போதோ நம்புவதை விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் இறந்தபின் அவரை என்ன செய்தோம் என்பது அவளுக்குத் தெரியாது. நெருப்பு என்றால் அவளுக்கு இன்னும் கரி படிந்த மூக்கும் சுட்ட மல்லாட்டையும்தான்.

வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கிளம்புகிறோம். அதற்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டுமா? வெறும் நெருப்பு, வெறும் தண்ணீர் என்று இந்த ஒரு வருடமாவது இருந்துவிட்டுப் போகட்டுமா? அல்லது அந்தக் குழியருகே, அண்ணியே தன் வாயால் சொல்லும்படி விட்டுவிட்டு நான் தள்ளி உட்கார்ந்துகொள்ளவேண்டுமா?

ஆறேழு வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லியிருக்கும் வாசகர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள், குழந்தை அடுத்து என்ன கேட்டது, அன்றிரவு தூங்கியதா என்று எழுதுங்கள். சுருக்கமாக இருந்தாலும் போதும். கிளம்புவதற்கு முன் எனக்குக் கிடைத்தால் நல்லது.